பனித்தீவில் ஆறு ஆண்டுகள்: மூவரைக் காத்த அறிவு

ரஷ்யாவின் வடகோடியில், வெண்கடலில் கலக்கும் மெசென் ஆற்றின் கரையிலுள்ள ஊரிலிருந்து 1743ஆம் ஆண்டு ஒரு வேட்டைக் கப்பல் புறப்பட்டது. ஒக்லாத்னிகோவ் என்ற வணிகரின் கப்பல் அது. அதில் 14 பேர் இருந்தார்கள். ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் மேற்குக் கரையில் வால்ரஸ் வேட்டையாடித் திரும்புவது அவர்கள் திட்டம். முதல் எட்டு நாள் காற்று சாதகமாக வீசியது. பிறகு திசை மாறி, கப்பலை அத்தீவு அடங்கிய ஸ்வால்பார்ட் தீவுக் கூட்டத்தின் கிழக்கே தள்ளியது. கரைக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் பனிக்கட்டிகள் கப்பலைச் சூழ்ந்து நெருக்கின.

முன்னொரு காலத்தில் மெசென் ஊர்க்காரர் சிலர் அந்தக் கரையில் குடிசை கட்டியிருந்தார்கள் என்ற செய்தி கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியும். கப்பல் நொறுங்கினால் தங்க இடம் வேண்டும். அந்தக் குடிசையைத் தேட நால்வர் இறங்கினார்கள்: சுக்கான் பிடிக்கும் அலெக்ஸி கிம்கோவ், அவருடைய ஞானமகன் இவான் கிம்கோவ், ஸ்டெபான் ஷராப்போவ், ஃபியோதர் வெரிகின். உடைந்து அசையும் பனிப்பாளங்களின் மேல் நடக்க வேண்டியிருந்ததால் சுமையைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரு துப்பாக்கி, 12 முறை சுடுவதற்கான வெடிமருந்து, 12 குண்டுகள், ஒரு கோடரி, ஒரு கத்தி, ஒரு சிறிய சமையல் பாத்திரம், 20 பவுண்டு மாவு, சக்கிமுக்கிப் பெட்டி, கொஞ்சம் புகையிலை, ஆளுக்கொரு மரக்குழல். எடுத்துச் சென்றது அவ்வளவுதான்.

குடிசை கிடைத்தது. இரவை அங்கே கழித்துவிட்டு மறுநாள் காலை கரைக்கு வந்தபோது கடல் வெறிச்சோடிக் கிடந்தது. இரவில் அடித்த புயல் பனியைக் கலைத்திருந்தது, கப்பலையும் காணவில்லை. அதிலிருந்த பத்துப் பேரைப் பற்றி அதன்பின் எந்தத் தகவலும் இல்லை. தீவில் நின்ற நால்வரில் மூவர் 1749 ஆகஸ்ட் வரை, ஆறு ஆண்டும் மூன்று மாதமும் அங்கே உயிர் வாழ்ந்தார்கள்.

இந்த நிகழ்வை மனஉறுதியின் வெற்றி என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் மனஉறுதி வாய்ந்த எத்தனையோ பேர், இவர்களைவிடப் பல மடங்கு பொருள் வசதியோடு, அதே தீவுக் கூட்டத்தில் மடிந்திருக்கிறார்கள். அவர்களையும் இந்த நால்வரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொரு விளக்கம் கிடைக்கிறது. தலைமுறை தலைமுறையாக வெண்கடற்கரை மக்கள் சேர்த்துவைத்த அறிவே இவர்களைக் காப்பாற்றியது. அந்த அறிவுக்கு உரிய மதிப்பை வரலாறு இன்னும் முழுமையாகத் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கதை நம் கைக்கு வந்த வழி

நால்வருமே நூல் எழுதும் பழக்கமில்லாத உழைப்பாளிகள். அவர்கள் அனுபவம் எழுத்தில் ஏறியதற்கு ஒரு வணிக ஏற்பாடு காரணமாயிற்று. அக்காலத்தில் ரஷ்ய ஆர்க்டிக் கடல் வேட்டையின் தனியுரிமை பியோத்தர் ஷுவாலோவ் பிரபுவிடம் இருந்தது. உயிர் பிழைத்தவர்கள் அர்க்காங்கெல்ஸ்க் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த செய்தி அவருக்கு எட்டியது. அலெக்ஸியையும் இவானையும் தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு வரவழைத்தார். அங்கே அவர்களை விசாரிக்கும் பொறுப்பு, வரலாற்றுப் பேராசிரியரான பியர் லூயி லெ ருவாவுக்குக் கிடைத்தது.

லெ ருவா கேட்டதையெல்லாம் அப்படியே நம்பிவிடவில்லை. அர்க்காங்கெல்ஸ்கில் கிளிங்ஸ்டாட் என்ற அதிகாரி அலெக்ஸியை முன்பே தனியாக விசாரித்திருந்தார். அந்த விசாரணையில் சொன்னதும் தம்மிடம் சொன்னதும் பொருந்துகின்றனவா என்று லெ ருவா ஒப்பிட்டார். தீவில் செய்து அவர்கள் கையோடு கொண்டுவந்த கருவிகளையும் பார்த்தார். அவருடைய நூல் 1766இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்து, விரைவிலேயே ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்குச் சென்றது. டேனியல் டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’ 1719இல் வெளிவந்ததிலிருந்து தீவில் ஒதுங்கியவர்களின் கதைக்கு அங்கே பெரும் வாசகர் கூட்டம் இருந்தது. ஆனால் குரூசோவுக்கு உடைந்த கப்பல் நிறையப் பொருள்கள் கிடைத்தன. மெசென் மாலுமிகளுக்குக் கப்பலின் ஓர் ஆணிகூட மிஞ்சவில்லை.

தீவும் குடிசையும்

அவர்கள் ஒதுங்கிய இடம் இன்று நார்வேயின் ஆட்சியிலுள்ள ஸ்வால்பார்ட் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த எட்ஜ் தீவு என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். கூட்டத்தில் மூன்றாவது பெரிய தீவு அது. வட அட்சம் 77, 78 பாகைகளில் கிடக்கிறது. அக்டோபர் இறுதியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் மீண்டும் தலைகாட்டும். மரமே முளைக்காத நிலம்.

வெண்கடற்கரையில் வாழும் ரஷ்யர்களுக்குப் பொமோர்கள் என்று பெயர். ஸ்பிட்ஸ்பெர்கனை அவர்கள் குருமந்த் என்று அழைத்தார்கள். வால்ரஸ் தந்தம், நரித்தோல், கொழுப்பு ஆகியவற்றுக்காக அங்கே போவதும், குளிர்காலம் முழுக்கத் தங்கி வேட்டையாடுவதும் 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் தொழிலாகவே இருந்தது. அவர்களுடைய குடிசைகளின் அடித்தளங்களும் அவர்கள் நட்ட பெரிய சிலுவைகளின் எச்சங்களும் ஸ்வால்பார்ட் கரைகளில் இன்றும் காணப்படுகின்றன.

நால்வரும் கண்டுபிடித்த குடிசை அந்தத் தொழில் விட்டுச்சென்ற சொத்து. நீளம் 36 அடி. உயரமும் அகலமும் 18 அடி. உள்ளே களிமண்ணால் கட்டிய ரஷ்ய அடுப்பு இருந்தது. அதற்குப் புகைபோக்கி கிடையாது. சூடான புகை மேலே எழுந்து சன்னல் மட்டம் வரை தேங்கி, திறப்புகள் வழியாக வெளியேறும். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டாது. கூரையை ஒட்டித் தேங்கும் அந்தப் புகைக்குள் இறைச்சியைத் தொங்கவிட்டுப் பதப்படுத்தினார்கள். உப்பில்லாத தீவில் அதுவே அவர்களுக்கு உணவுக் கிடங்காயிற்று. புகையில் உலர்ந்த இறைச்சியை ரொட்டிக்குப் பதிலாக உண்டார்கள். சுவர்க் கட்டைகளின் இடைவெளிகளில் தீவில் ஏராளமாக வளரும் பாசியைத் திணித்துக் காற்றை அடைத்தார்கள்.

12 குண்டுகளுக்கு 12 பனிமான்கள் விழுந்தன. ஸ்வால்பார்ட் பனிமான் குட்டைக் கால்களும் பருத்த உடலும் கொண்டது. ஓநாயே இல்லாத தீவில் வாழ்வதால் ஆளைக் கண்டு வெகுதூரம் ஓடும் இயல்பு அதற்குக் குறைவு. இருந்தும், வெடிமருந்து தீர்ந்தபின் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாயாகிவிட்டது. மாவும் நீண்ட நாள் வராது. உண்மையான சோதனை அதன் பிறகுதான் தொடங்கியது.

கரையிலிருந்து ஓர் ஆயுதசாலை

மரமில்லாத தீவின் கரையில் மரம் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. யெனிசெய், லேனா முதலிய சைபீரிய ஆறுகள் காட்டு மரங்களைக் கடலுக்கு அடித்து வருகின்றன. கடற்பனியில் சிக்கிய மரங்கள், ஆர்க்டிக் பெருங்கடலைக் குறுக்கே கடக்கும் நீரோட்டத்தோடு ஆண்டுக்கணக்கில் நகர்ந்து ஸ்வால்பார்ட் கரைகளில் ஒதுங்குகின்றன. பொமோர் வேட்டைக்காரர்கள் விறகுக்கு நம்பியது இந்த மரத்தைத்தான். ஆகவே அலை ஒதுக்கும் வரம்பை நாள்தோறும் நடந்து பார்க்க வேண்டும் என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அப்படி நடந்தபோது, ஏதோ உடைந்த கப்பலின் பலகைகள் சில கிடைத்தன. அவற்றில் ஓர் இரும்புக் கொக்கியும், ஐந்தாறு அங்குல நீள ஆணிகள் சிலவும், வேறு சில இரும்புத் துண்டுகளும் இருந்தன. வில்லைப்போல் இயல்பாக வளைந்த ஒரு மரவேரும் கிடைத்தது.

கொக்கியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, அதிலிருந்த துளையைப் பெரிய ஆணியால் அகலப்படுத்திக் காம்பு செருகினார்கள், சுத்தியல் ஆயிற்று. பெரிய கூழாங்கல் பட்டடைக்கல் ஆயிற்று. பனிமானின் கொம்பு இரண்டு, இரும்பைப் பிடிக்கும் குறடு ஆயின. இந்தப் பட்டறையில் முதலில் இரண்டு ஈட்டிமுனைகளை அடித்து, கல்லில் தீட்டி, தோல்வாரால் மரக்கிளையில் இறுக்கிக் கட்டினார்கள். அந்த ஈட்டிகளோடு ஒரு பனிக்கரடியை எதிர்த்துக் கொன்றார்கள். இறைச்சி உணவாயிற்று. அதன் தசைநார்களை இழை இழையாகப் பிரித்து முறுக்கியபோது வேருக்கு நாண் கிடைத்தது. சிறிய இரும்புத் துண்டுகள் அம்புமுனைகளாயின. கரடியின் நாரால் அவற்றைக் கட்டி, கடற்பறவை இறகுகளைப் பின்முனையில் பொருத்தினார்கள்.

கருவி செய்த வரிசையைக் கவனிக்க வேண்டும். வில்லுக்கு நாண் வேண்டும். நாணுக்குக் கரடி வேண்டும். கரடிக்கு ஈட்டி வேண்டும். ஈட்டிக்குச் சுத்தியல் வேண்டும். நான்கு படி முன்னே பார்த்து வேலையைத் தொடங்குவது, அந்த நான்கையும் ஏற்கெனவே கையால் செய்து பழகியவருக்கே கூடும். ஆறு ஆண்டுகளில் அந்த வில் சுமார் 250 பனிமான்களையும் ஏராளமான பனிநரிகளையும் தந்தது. பனிக்கரடிகள் பத்தைக் கொன்றார்கள். முதலாவதை மட்டும் தேடிச்சென்று தாக்கினார்கள். மற்ற ஒன்பதும் தற்காப்புக்காகக் கொன்றவை.

அணையாத விளக்கு

தீயைக் காப்பது அடுத்த கவலை. பஞ்சு தீர்ந்தால் சக்கிமுக்கியால் பயனில்லை. நான்கு மாத இருளில் அடுப்பு ஒருமுறை முழுவதும் அணைந்துபோனால் நால்வரின் கதையும் முடிந்துவிடும். ஆகவே எப்போதும் எரியும் ஒரு விளக்கு தேவைப்பட்டது.

தீவின் உட்பகுதியில் களிமண் இருந்தது. அதில் அகல் செய்து பனிமான் கொழுப்பை நிரப்பித் துணித்திரி இட்டார்கள். கொழுப்பு உருகியதும் மண்ணின் நுண்துளைகள் வழியாக முழுவதும் கசிந்துவிட்டது. அடுத்த அகலைக் காற்றில் நன்றாக உலர்த்தி, நெருப்பில் செந்தணலாகச் சுட்டு, மாவு கரைத்துக் கொதிக்கவைத்த கஞ்சியில் அமிழ்த்தினார்கள். வேட்டிக்குப் போடும் கஞ்சி நூலிடுக்குகளில் இறங்கி விறைப்பதுபோல, மாவுக் கஞ்சி மண்ணின் துளைகளில் புகுந்து அடைத்துக்கொண்டது. கசிவு நின்றது. போதாததற்கு, கஞ்சியில் தோய்த்த துணியை வெளிப்புறமும் ஒட்டினார்கள். பிறகு இன்னொரு விளக்கும் செய்து மாற்றாக வைத்துக்கொண்டு, மிஞ்சிய மாவை விளக்குக்கென்றே ஒதுக்கினார்கள்.

ரொட்டியே உண்டு வளர்ந்தவர்கள், உலகில் தங்களிடம் மிஞ்சிய கடைசிக் கைப்பிடி மாவை உண்ணாமல் விளக்குக்காகப் பூட்டிவைத்தார்கள். எது உணவு, எது உயிர் என்று அவர்கள் பிரித்தறிந்த விதம் அந்த முடிவில் தெரிகிறது. கரை ஒதுங்கிய கயிற்றுப் பிரிகளும், பின்னர் அவர்களுடைய சட்டைத் துணிகளும் திரியாயின. உடைக்குத் தோல் இருந்தது. தோலை நீரில் ஊறவைத்து, மயிரை நீக்கி, கையால் கசக்கி, கொழுப்புத் தடவி மென்மையாக்கி, தாங்களே செய்த ஊசியாலும் தசைநார் நூலாலும் தைத்துக்கொண்டார்கள்.

ஸ்கர்வியும் இவானின் மருந்தும்

குளிர்காலம் தங்கிய மாலுமிகளைப் பசியைவிட அதிகமாகக் கொன்றது ஸ்கர்வி. உடலில் வைட்டமின் சி தீர்ந்துபோவதால் வரும் நோய். முதலில் சோர்வு, பிறகு மூட்டுவலி, ஈறு வீங்கிப் பற்கள் ஆடும், ஆறிய பழைய புண்கள் திறக்கும், கடைசியில் சாவு. பெரும்பாலான விலங்குகள் இந்தச் சத்தைத் தம் உடலிலேயே செய்துகொள்கின்றன. மனிதனால் முடியாது.

இவான் கிம்கோவ் முன்பே மேற்கு ஸ்பிட்ஸ்பெர்கனில் சில குளிர்காலங்களைக் கழித்தவர். அவர் நான்கு வழிகளைச் சொன்னார்: உறைந்த இறைச்சியைப் பச்சையாகச் சிறு துண்டுகளாக நறுக்கி உண்பது, அப்போது கொன்ற பனிமானின் சூடான இரத்தத்தைக் குடிப்பது, முடிந்த அளவு உடலை அசைத்து வேலை செய்வது, தீவில் முளைக்கும் ஸ்கர்விப் புல் என்ற கீரையைக் கிடைத்த அளவு உண்பது.

இன்றைய அறிவியலில் வைத்துப் பார்த்தால் இவற்றில் மூன்று நேரடியான மருந்து. பனிமான் தன் உடலில் வைட்டமின் சியைச் செய்துகொள்வதால் அதன் இறைச்சியிலும் இரத்தத்திலும் அச்சத்து உண்டு. அளவு சிறியதுதான், ஆனால் ஸ்கர்வியைத் தடுக்க ஒருவருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் போதும். நெடுநேரம் வேகவைத்தால் அச்சத்து சிதையும், நீரில் கரைந்தும் போகும். பச்சையாக உண்ணச் சொன்னதன் பயன் அங்கேதான் இருக்கிறது.

இவான் இதைக் கடைப்பிடித்த அதே ஆண்டுகளில் படித்த ஐரோப்பிய மருத்துவம் இருட்டில் துழாவிக்கொண்டிருந்தது. ஆங்கிலேயக் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ‘சாலிஸ்பரி’ கப்பலில் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டவர்களே விரைவில் தேறினார்கள் என்று கண்டது 1747 மே மாதம். மெசென் மாலுமிகள் அப்போது தீவில் நான்கு குளிர்காலங்களைக் கடந்திருந்தார்கள். லிண்டின் நூல் 1753இல் வந்தது. எலுமிச்சைச் சாற்றைக் கப்பல்களில் கட்டாயமாக்க ஆங்கிலேயக் கடற்படைக்கு 1795 வரை ஆயிற்று.

வெரிகின் மீது விழுந்த பழி

நால்வரில் ஃபியோதர் வெரிகின் மட்டும் பனிமான் இரத்தத்தைக் குடிக்க மறுத்தார். அவர் மனம் அதை ஏற்கவில்லை. பருத்த உடல், சோம்பல் குணம், எப்போதும் குடிசைக்குள்ளேயே கிடந்தார் என்று லெ ருவாவின் நூல் சொல்கிறது. ஸ்கர்வி அவரை வாட்டியது. கடைசிக் காலத்தில் எழுந்து உட்காரவும், கையை வாய்க்குக் கொண்டுபோகவும் முடியாமல் போயிற்று. மற்றவர்கள் குழந்தைக்கு ஊட்டுவது மாதிரி அவருக்கு ஊட்டினார்கள். ஆறாவது குளிர்காலத்தில் இறந்தார். பனியைத் தோண்டி, கரடிகள் எடுக்காதபடி ஆழமாகப் புதைத்தார்கள்.

சோம்பல் காரணம், நோய் விளைவு என்று அந்த நூல் வரிசைப்படுத்துகிறது. நமக்குத் தெரிந்த மருத்துவம் அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. ஸ்கர்வியின் முதல் அறிகுறியே அசதியும் எதிலும் நாட்டமின்மையும்தான். வெரிகின் எழாமல் கிடந்தது அவருடைய குணத்தாலா, நோயாலா என்று கேட்க வேண்டும். தேவையான சத்து கிடைக்காத உடலை ஒழுக்கக் குறையாகப் பார்த்தது அவருக்கு இழைத்த அநீதி.

இதே அநீதி ஸ்வால்பார்டில் இன்னொரு முறை நடந்தது. 1872இல் பனியில் கப்பல்கள் சிக்கியதால் நார்வே நாட்டுச் சீல் வேட்டைக்காரர்கள் 17 பேர், கேப் தோர்ட்சனில் சுவீடன்காரர் கட்டியிருந்த நல்ல மரவீட்டில் குளிர்காலத்தைக் கழிக்கப் போனார்கள். வீட்டில் உணவும் எரிபொருளும் தாராளமாக இருந்தன. 1873 கோடைக்குள் 17 பேரும் இறந்துவிட்டார்கள். ஸ்கர்வி, அதுவும் சோம்பிக் கிடந்ததால் வந்த ஸ்கர்வி என்று நெடுங்காலம் பேசப்பட்டது. 2008இல் அவர்களுடைய எச்சங்களை ஆராய்ந்தபோது எலும்பில் மிக அதிக அளவு ஈயம் இருந்தது. ஈயத்தால் பற்றவைத்த தகரக் குப்பிகளிலிருந்த உணவு அவர்களுக்கு நஞ்சாகியிருந்தது. கெட்டது உணவு, பெயர் கெட்டது இறந்தவர்களுக்கு.

ஒப்பிட்டுப் பார்த்தால்

ஆர்க்டிக் தீவுகளின் முந்தைய குளிர்காலங்களும் புதிய உணவே உயிர் காத்தது என்று காட்டுகின்றன. 1630இல் ஸ்வால்பார்டின் பெல்சண்டில் கப்பலைத் தவறவிட்ட ஆங்கிலேயர் எட்டுப் பேரும் பிழைத்தார்கள்; பனிமானும் வால்ரஸும் கரடியும் வேட்டையாடிப் புதிய இறைச்சி உண்டார்கள். 1633இல் டச்சுத் திமிங்கில வணிகர்கள் ஆம்ஸ்டர்டாம் தீவில் ஏழு பேரைத் தங்கவைத்தார்கள். பச்சைக்கீரையும் புதிய இறைச்சியும் கிடைத்ததால் அந்த ஏழு பேரும் பிழைத்தார்கள். மறு ஆண்டு அதே இடத்தில் அதே வசதிகளோடு தங்கிய ஏழு பேரும் ஸ்கர்வியால் இறந்தார்கள். யான் மாயன் தீவில் 1633-34இல் தங்கவைத்த ஏழு பேருக்கும் அதே முடிவு. இறந்தவர்களிடம் கிடங்கு நிறைய உணவு இருந்தது. பிழைத்தவர்களிடம் இருந்தது அன்றன்று அடித்த இறைச்சி.

மெசென் மாலுமிகள் இந்த வரிசையில் தனித்து நிற்பது எண்ணிக்கையால் மட்டுமல்ல. மற்றவர்கள் ஒரு குளிர்காலம் தங்கினார்கள், இவர்கள் ஆறு. தற்செயலாக ஒரு முறை சரியாக உண்டு பிழைக்கலாம். ஆறு முறை அப்படி நேராது. என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தார்கள்.

திரும்பிய மூவர்

1749 ஆகஸ்ட் 15ஆம் நாள் ஒரு ரஷ்யக் கப்பல் கண்ணில் பட்டது. அதுவும் எதிர்க்காற்றால் திசை மாறி வந்த கப்பல்தான். மேடுகளில் தீ மூட்டி, பனிமான் தோலைக் கம்பில் கட்டி ஆட்டினார்கள். ஊருக்கு அழைத்துப் போக 80 ரூபிள் தருவதாக ஒப்புக்கொண்டுதான் ஏற முடிந்தது. கப்பலில் அவர்கள் ஏற்றிய சரக்கில் 50 பூட், அதாவது 800 கிலோவுக்கும் மேற்பட்ட பனிமான் கொழுப்பு இருந்தது. கூடவே பனிமான், நரி, கரடித் தோல்கள். உயிருக்குப் போராடிய ஆறு ஆண்டுகளிலும் அவர்கள் வேட்டைத் தொழிலாளிகளாகவே இருந்து, சந்தைக்குரிய சரக்கைச் சேர்த்துவைத்திருந்தார்கள். நாள்கணக்கும் தவறவில்லை. திருநாள்களை நினைவில் வைத்து எண்ணிவந்த அவர்கள் கணக்கில் ஆறு ஆண்டுக்குப் பிறகு இரண்டு நாள்தான் பிசகியிருந்தது.

செப்டம்பர் 28 அன்று அர்க்காங்கெல்ஸ்கில் இறங்கினார்கள். அலெக்ஸியின் மனைவி துறையில் அவரைக் கண்டு பதறி ஓடிவந்ததில் தண்ணீரில் விழுந்து, மூழ்கப் பார்த்தார் என்று லெ ருவா குறித்திருக்கிறார். திரும்பியவர்களுக்கு ரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை. உண்டால் வயிறு ஊதியது. மதுவும் ஆகவில்லை. தண்ணீரே குடித்தார்கள்.

இவர்களுக்குத் தற்செயலும் துணைசெய்தது. ஆணியோடு ஒதுங்கிய பலகை, வில்லாக வளைந்த வேர், வழிதவறி வந்த கப்பல் ஆகியவை அவர்கள் கையில் இல்லை. மற்றவற்றுக்கெல்லாம் மூலம் உண்டு. குடிசையைக் கட்டியவர்கள் முன்னோர். அது எந்தக் கரையில் இருக்கிறது என்ற தகவல் ஊர்ப்பேச்சில் இருந்தது. ஸ்கர்விக்கு மருந்து, முந்தைய குளிர்காலங்களில் யார் யாரோ நோய்ப்பட்டும் இறந்தும் கண்டறிந்தது. அதை இவான் நினைவில் சுமந்து வந்தார். இந்த அறிவு எந்தக் கல்விக்கூடத்திலும் இல்லை. இருந்திருந்தால் அந்த நூற்றாண்டில் ஸ்கர்வியால் இறந்த ஆயிரக்கணக்கான மாலுமிகளில் பலர் பிழைத்திருப்பார்கள்.

ஒரு பிரபுவுக்கு ஆர்வம் வந்ததால், ஒரு பேராசிரியர் பொறுமையாகக் கேட்டதால் மூன்று பொமோர்களின் அனுபவம் நமக்கு எட்டியது. எழுதப்படாமல் போன பொமோர் குளிர்காலங்கள் எத்தனையோ. ஆர்க்டிக் வரலாற்றைப் பெயர்பெற்ற தளபதிகளின் பயணங்களாக மட்டும் எழுதும்போது, அங்கே உண்மையிலேயே வாழத் தெரிந்திருந்தவர்கள் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறார்கள். கிம்கோவ்களையும் ஷராப்போவையும், இரத்தம் குடிக்க மனம் வராமல் இறந்த வெரிகினையும் அந்த வரலாற்றின் நடுப்பக்கத்தில் வைத்து எழுத வேண்டும். லிண்டின் பெயருக்கு அருகில் இவானின் பெயரும் இருப்பதே நியாயம்.